மணி ஓய்ந்த பின்



சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றில் மணி என்று தொங்குவது உண்மையில் மணி அன்று; ஒரு தண்டவாளத் துண்டு. மாலையில் பணியாளர் அதை நீள அடிப்பார். கடைசி அடி விழுவதற்குள் நீங்கள் வாயிலைக் கடந்திருப்பீர்கள். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஆளற்ற அந்த முற்றத்தில் சிறிது நேரம் நிற்பது வழக்கம். அடித்த கை ஓய்ந்துவிடும், இரும்பு ஓயாது. அருகில் சென்று செவி சாய்த்தால் மெல்லிய ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒன்று முடிந்த பின்னும் முடியாமல் நிற்கும் இந்த மிச்சத்திற்குத் தமிழில் என்ன பெயர்? எல்லாவற்றிற்கும் பொதுவாக ஒரு பெயரைச் சொல்லி நம் முன்னோர் நின்றுவிடவில்லை. ஒலி விட்டுச் செல்வது ரீங்காரம். தீ விட்டுச் செல்வது தணல். நடந்து போன கால் விட்டுச் செல்வது சுவடு. பெருமழை விட்டுச் செல்வது தூவானம். சண்டை ஓய்ந்தும் முணுமுணுப்பு ஓயாத வீட்டைப் பார்த்து, "மழை விட்டும் தூவானம் விடவில்லை" என்று பாட்டிமார் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பெருங்காயம் தீர்ந்த பின்னும் அதன் வாசனை டப்பாவை விட்டுப் போவதில்லை. வாசனை என்னும் வடசொல்லுக்கே இரு பொருள் உண்டு. மூக்கு அறியும் மணம் ஒன்று. செய்த வினை உள்ளத்தில் விட்டுச் செல்லும் பதிவு மற்றொன்று.

ஒளிக்கும் ஒரு சொல் உண்டு. கதிரவன் மறைந்த பின் மேல்வானில் தங்கும் சிவப்பைச் செக்கர் என்பார்கள். கதிரவன் தொடுவானத்திற்குக் கீழே இறங்கிய பின்னும் அதன் கதிர்கள் உயரத்திலுள்ள காற்றில் பட்டுச் சிதறி நம்மை வந்தடைகின்றன. காற்றினூடே நெடுந்தொலைவு வருவதால் நீலம் வழியிலேயே சிதறிப் போகிறது, சிவப்பு எஞ்சுகிறது. இன்னொரு வியப்பும் உண்டு. கதிரவனின் கீழ்விளிம்பு தொடுவானத்தைத் தொடுவதாக நாம் காணும் நேரத்தில், கதிரவன் உண்மையில் கீழே இறங்கிவிட்டது. காற்று ஒளியை வளைத்துக் காட்டுவதால், முடிந்துபோன ஒன்றை முடியவில்லை என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மிச்சம் எப்போதும் தோன்றிய இடத்திலேயே தங்குவதும் இல்லை. 1883ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள், சாவகத்திற்கும் சுமத்திராவுக்கும் இடையிலுள்ள கிரக்கதோவா எரிமலை வெடித்துச் சிதறியது. அதன் நுண்துகள்கள் வான் உயரத்தில் உலகைச் சுற்றி வந்தன. மூன்று திங்கள் கழித்து, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துப் பொகீப்சி என்னும் ஊரில் மாலை வானம் செந்தழலாகச் சிவந்தது. எங்கோ தீப்பற்றிக்கொண்டது என்று எண்ணித் தீயணைப்பு வண்டிகள் புறப்பட்டனவாம். வெடித்த மலை எங்கே? சிவந்த வானம் எங்கே?

இனி, இவை எல்லாவற்றையும் தழுவி நிற்கும் ஒரு சொல்லுக்கு வருவோம். அது எச்சம். நீங்கள் சிரிப்பது வானொலி நிலையம் வரைக்கும் கேட்கிறது. காக்கை உங்கள் சட்டையில் இட்டுச் செல்வதற்கும் அதுவே பெயர்! ஆனால் இலக்கண வகுப்பை நினைத்துப் பாருங்கள். 'வந்தான்' என்பது முற்று. 'வந்து', 'வந்த' என்பன எச்சங்கள். மூன்றிலும் வருதல் நடந்து முடிந்ததே. ஆயினும் 'வந்தான்' என்றால் பொருள் நிறைகிறது. 'வந்து' வேறொரு வினையைத் தேடுகிறது. 'வந்த' ஒரு பெயரைத் தேடுகிறது. செயல் முடிந்துவிட்டது, பொருள் முடியவில்லை. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் இறுதி இயலுக்கு எச்சவியல் என்று பெயரிட்டார். தக்கவர் யார், தகாதவர் யார் என்பதை அவரவர் எச்சத்தால் அறியலாம் என்றார் வள்ளுவர். அங்கே எச்சம் என்பது மக்களைக் குறிக்கும் என்பர் பரிமேலழகர். எஞ்சும் புகழும் பழியும் என்பர் பிற்காலத்தார்.

பரிமேலழகர் மற்றோரிடத்தும் ஒரு நுட்பம் காட்டுகிறார். நெருப்புச் சுட்டதைப் புண் என்றும், நாவு சுட்டதை வடு என்றும் வள்ளுவர் பிரித்துச் சொன்னது ஏன்? முன்னது ஆறிவிடும், பின்னது ஆறாமல் கிடக்கும். பல ஆண்டுகள் இதை நான் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். விளங்கிக்கொண்டது பிற்பாடுதான்.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், மாலைக் காட்சி பற்றி ஒரு மாணவன் கட்டுரை எழுதி வந்தான். மிக நன்றாக இருந்தது, அதனாலேயே ஐயுற்றேன். "இதை எழுதியது உன் கைதான்; உன் தலை அன்று" என்றேன். வகுப்பு சிரித்தது. அதன்பின் அவன் தேர்வுக்கு வேண்டிய அளவே எழுதினான். ஒரு வரி மிகுதியாக எழுதவில்லை. ஆண்டு முடிவில் பழைய ஏடுகளை அடுக்கும்போது அவனுடைய குறிப்பேடு கையில் பட்டது. அதே கட்டுரை, அடித்தும் திருத்தியும் மூன்று முறை எழுதப்பட்டிருந்தது. அவன் தலைதான் எழுதியிருந்தது. ஆயினும் அவனைக் கூப்பிட்டு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியன் மாணவனிடம் வருத்தம் தெரிவிப்பதா என்ற தயக்கம் தடுத்தது.

ஓய்வு பெற்ற பின் ஒரு திருமண வீட்டில் அவரைக் கண்டேன். நான் செய்தது பிழை என்றேன். "ஐயா, அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு, நான் கூறிய அந்த வாக்கியத்தை ஒரு சொல் பிசகாமல் திரும்பச் சொன்னார். தாம் அன்று உட்கார்ந்திருந்த பலகையையும் குறிப்பிட்டார். பிறகு மெல்லச் சிரித்து, "என் மகளும் கட்டுரை எழுதுகிறாள், ஐயா. எழுதியது யார் என்று மட்டும் நான் கேட்பதில்லை" என்றார்.

மாணவர்களே, அதிர்கிற தண்டவாளத்தில் விரலை வைத்தால் ரீங்காரம் அடங்கிவிடும். சொல்லுக்கு அப்படி வைக்க விரல் இல்லை. ஆனால் எச்சம் என்பது முடிவைத் தேடி நிற்பது என்று பார்த்தோம் அல்லவா? நீங்கள் ஒருவரைச் சுட்டிருந்தால், அந்த வாக்கியத்தை முடித்துவைக்க இன்றே செல்லுங்கள். என்னைப்போல் முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டா.