அள்ளாமல் குறையாது

மணல் என்றவுடன் எவருக்கும் நினைவில் வருவது வீடு கட்டும் மணலே. ஆயின், பெருந்தொழில்களுக்கு மூலப்பொருளாகிக் கப்பலேறிப் பிறநாடு செல்லும் மணலும் இலங்கையில் உண்டு. திருகோணமலைக்கு வடக்கே, கொக்கிளாய்க் களப்பை அண்டிய புல்மோட்டைக் கரையிற் கிடப்பது அத்தகைய மணல். அது வெண்மணல் அன்று, கருமணல். கையில் அள்ளினாலே அதன் பாரம் தெரியும். வெண்மணலிலுள்ள படிகக்கல் நீரைவிட 2.65 மடங்கு பாரமானது. கருமணலின் முதன்மைப் பொருளாகிய இல்மனைற்றோ ஏறத்தாழ 4.7 மடங்கு பாரமானது.

இந்த மணல் கரைக்கு வந்த வரலாறு நெடியது. இலங்கையின் நடுவேயுள்ள தொன்மையான பாறைகள் வெயிலாலும் மழையாலும் பல்லாயிரம் ஆண்டுகள் சிதைந்தன. சிதைந்த துகள்களை ஆறுகள் கடலிற் கொண்டு சேர்த்தன. கடலோ அவற்றைத் தரம் பிரித்தது. சுளகிலே நெல்லைப் புடைக்கும்போது பதர் பறந்து மணி நிற்பதுபோல, அலை மீளும்போது இலேசான துகள்களை இழுத்துச் சென்றது. பாரமானவை கரையிலே தங்கின. இல்மனைற்று, ரூட்டைல், சிர்க்கோன், சிறிதளவு மொனசைற்று ஆகியன இவ்வாறு ஒன்றுசேர்ந்தன.

கருமணலின் அருமையை உலகம் அறிந்தது அண்மைக் காலத்திலேதான். 1791இல் இங்கிலாந்தின் கோண்வால் பகுதியில், வில்லியம் கிரெகர் என்னும் பாதிரியார் ஓர் ஓடைக் கருமணலை ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத உலோகம் ஒன்று அதில் இருப்பதைக் கண்டார். அதுவே பின்னர் தைத்தானியம் எனப் பெயர் பெற்றது. இலங்கையில் கனிப்பொருள் அளவைப் பணி 1903இல் தொடங்கியபோது, அதற்குத் தலைமை வகித்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. கலை உலகம் போற்றும் அப்பெரியார், தோரியம் செறிந்த தோரியனைற்று என்னும் கனிப்பொருளை 1904இல் கண்டறிந்தவர் என்பதைப் பலர் அறியார்.

கருமணலைப் பிரிக்கும் முறை கடலின் முறையைப் பின்பற்றியதே. முதலில் நீரோட்டத்திலே பாரமான துகள்களை இலேசானவற்றினின்று பிரிப்பர். உலர்த்தியபின் காந்தத்தின் அருகே செலுத்தினால் இல்மனைற்று ஈர்க்கப்படும். எஞ்சியவற்றுள் ரூட்டைல் மின்னைக் கடத்தும், சிர்க்கோன் கடத்தாது. ஆதலின் அவ்விரண்டையும் மின்னூட்டத்தால் வேறாக்கலாம். இல்மனைற்றிலிருந்து வெண்ணிறப் பூச்சு மைக்கு வேண்டிய நிறப்பொருள் கிடைக்கிறது. ரூட்டைல் உலோகங்களை ஒட்டும் கம்பிகளின் பூச்சுக்கு உதவுகிறது. பீங்கான் மினுக்குக்கும் வார்ப்பு அச்சுகளுக்கும் சிர்க்கோன் வேண்டும்.

புல்மோட்டை மணலைத் தொழிலாக நடத்துவதற்கு 1957இல் அரச கூட்டுத்தாபனம் ஒன்று நிறுவப்பட்டது. போர் அத்தொழிலையும் விட்டுவைக்கவில்லை. 1997 செப்டெம்பரில், அக்கரையில் மணல் ஏற்றிக்கொண்டிருந்த வெளிநாட்டுக் கப்பல் தாக்கப்பட்டது, மாலுமிகள் உயிரிழந்தனர், ஏற்றுமதியும் நின்றது. போருக்குப் பின் தொழில் மீண்டது. எனினும் இல்மனைற்றைப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே விற்றுவிட்டு, அதிலிருந்து ஆக்கிய நிறப்பொருளை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நிலை இன்னும் மாறவில்லை.

புல்மோட்டைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. வாடைக்காற்று வீசும் மாரியிலே கடல் பொங்கி, அள்ளிய இடத்தில் மீண்டும் கருமணலைக் கொணர்ந்து சேர்க்கிறது. ஆகவே அங்கே அகழ்வோர், கடல் ஆண்டுதோறும் தருவதை அளவறிந்து எடுத்தால், முதலைத் தொடாது வட்டியை உண்பவர்போல் வாழலாம். கடல் தருவதற்கு மேலாக எடுத்தால் கரை தேயும்.

மன்னார்த் தீவின் நிலை வேறு. அங்கும் பாரக் கனிப்பொருள் மணலுக்குள் உண்டு. அதைத் தேடிப் பல ஆண்டுகள் நிலத்தைத் துளையிட்டு ஆராய்ந்தனர். தீவு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களது அச்சத்துக்குக் காரணம் கிணற்றடியில் இருக்கிறது. தாழ்ந்த மணற்றீவிலே மழைநீர் நிலத்தின் கீழே உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும். நன்னீர் உவர்நீரிலும் சற்றே இலேசானது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தங்கும் என்பது அறிஞர் கணக்கு. அதன் மறுபக்கம் என்ன? மேலே 1 அடி குறைந்தால், கீழிருந்து உவர் 40 அடி ஏறக்கூடும். கனிப்பொருளைப் பிரித்தபின் எஞ்சிய மணலைக் குழியிலேயே கொட்டி நிரப்பலாம் என்பர் தொழில் நடத்துவோர். மணலை நிரப்பலாம், உவரான கிணற்றை எதனால் நிரப்புவது? உள்நிலத்து மணலை ஆண்டுதோறும் கொணர்ந்து போட அங்கே கடலும் இல்லை.

சட்டங்களுக்குக் குறைவில்லை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டம், கனிப்பொருளின் உடைமையைக் குடியரசுக்கே உரித்தாக்கியது. நிலம் ஒருவருடையதாயினும் அதன் கனிப்பொருள் அவருடையதன்று. தேடுவதற்கும் அகழ்வதற்கும் கொண்டுசெல்வதற்கும் விற்பதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். கடற்கரையைக் காப்பதற்கு 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டமும் உண்டு. சுற்றாடற் சட்டத்தின்படி பெருந்திட்டங்களின் தாக்க மதிப்பீடு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். கருத்துக் கூற 30 நாட்கள் உண்டு. ஆனால் அறிக்கை கச்சேரியில் இருக்கிறதென்பதை அறியாத ஊருக்கு 30 நாட்களும் ஒன்றுதான், 300 நாட்களும் ஒன்றுதான். அறிக்கையை வாசித்து, கிணற்று நீரின் உவரை மாதந்தோறும் அளந்து எழுதிவைத்து, அக்கணக்கோடு சென்று கேட்கும் ஊருக்கே சட்டம் துணையாகும்.

‘அள்ளாமல் குறையாது’ என்பது பழமொழி. மணலைப் பொறுத்தமட்டில் அதனோடு ஒரு கேள்வியையும் சேர்க்க வேண்டும்: அள்ளியதை மீளத் தருவது யார்? கடல் தரும் இடத்திலே, கடலின் அளவோடு எடுக்கலாம். தருவார் எவரும் இல்லாத இடத்திலே, எடுக்குமுன் அங்கே வாழ்வோரின் கிணற்றை எட்டிப் பார்ப்பதே நீதி.