மன்னித்தவர் அங்கேயே தங்கினார்



ஆஸ்திரேலியரான கிரகாம் ஸ்டெயின்ஸ், ஒடிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்துவந்தார். 1999 ஜனவரியில், மனோகர்பூர் கிராமத்தில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவரையும் 10, 6 வயது மகன்களையும் ஒரு கும்பல் உயிரோடு எரித்தது.

மனைவி கிளாடிஸ், கொலையாளிகளை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். ஊரைச் சபிக்கவில்லை. மகளோடு அங்கேயே தங்கி, அதே நோயாளிகளுக்கான பணியைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார். 2005-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

குற்றவாளிகளை நீதிமன்றம் தண்டித்தது. மன்னிப்பு சட்டத்தின் கையைக் கட்டிப்போடுவதில்லை. நம் மனத்தில் வன்மம் குடியேறாமல் காக்கிறது. தம்மைச் சிலுவையில் அறைந்தவர்களுக்காக வேண்டிக்கொண்ட இயேசுவின் வழி அது.

இன்று யாரையாவது பழித்துப் பேச நா எழுந்தால், அதை அடக்கி, அவருக்காக ஒரு நிமிடம் ஜெபிப்போம்.