இரண்டாம் மாடிக்கு வந்த சிப்பிப்பாறை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

"வேட்டை நாயை அபார்ட்மெண்டில் வைக்கலாமா, அனுப்பிவிடச் சொல்லுங்கள்" என்று போன கூட்டத்தில் பலர் கேட்டீர்கள். நான் பத்து நிமிஷம் கேட்டேன், செயலாளர் ஐந்துதான் தந்திருக்கிறார்.

அந்தக் குட்டி வெளியூர்ச் சரக்கு இல்லை. சிப்பிப்பாறை நம் மாவட்டத்து ஊர்தான், சாத்தூர் பக்கம். ராஜபாளையம் நாயும் நம் மாவட்டத்துப் பெயர்தான். 2005-இல் அதற்குத் தபால்தலையே வந்தது. கரிசல் காட்டில் முயல் விரட்ட வளர்த்த இனம் சிப்பிப்பாறை. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும். நீண்ட கால், ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, நம் வெயிலுக்கேற்ற குட்டை முடி. விலா லேசாகத் தெரிவது அதன் உடல்வாகு. "சோறு போடுவதில்லையா?" என்று அந்த வீட்டம்மாவை இனி யாரும் கேட்க வேண்டாம், பாவம்!

1972 வனவிலங்குச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். ஆக, இது வேலை போன நாய். ஆனால் ஓட்டம் போகவில்லை. பூனையோ அணிலோ ஓடினால் துரத்தும். அந்த நேரத்தில் கூப்பிட்டால் காது கேட்காது. அதனால் வாசலைத் தாண்டினால் கயிறு கட்டாயம். தெரியாதவர் தொட்டால் பிடிக்காது. பிள்ளைகள் கேட்காமல் தடவ வேண்டாம்.

"சின்னதாக ஒரு ஜாக் ரஸ்ஸல் வாங்கியிருக்கலாமே" என்றார் ஒருவர். அது இங்கிலாந்தில் ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் நரி வேட்டைக்காக உருவாக்கிய டெரியர். வளைக்குள் புகுந்து நரியை மடக்கி, மேலே நிற்பவருக்கு இடம் தெரியக் குரைக்க வேண்டும். குரைப்பதே அதன் உத்தியோகம். நம் மெல்லிய சுவருக்கு எது தேவலை என்று நீங்களே பாருங்கள். சிப்பிப்பாறை பொதுவாக அமைதியானது, தினமும் நன்றாக ஓடவிட்டால்.

சட்டமும் கேளுங்கள். விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல்படி, பெரும்பான்மை ஓட்டு விழுந்தாலும் வளர்ப்பு நாய்க்குச் சங்கம் தடை போட முடியாது. அதற்காக மாடிப்படியில் அசிங்கம் செய்தால் பொறுத்துப் போக வேண்டியதில்லை. போன வாரம் மிதித்தவன் நான்தான். அள்ள வேண்டியது வளர்ப்பவர் வேலை.

அந்தக் குடும்பத்திடம் பேசிவிட்டேன். வெறிநாய்க்கடி தடுப்பூசிச் சீட்டை அலுவலகத்தில் கொடுக்கிறார்கள். காலை ஐந்தரைக்குப் பின்பக்கக் காலி மனையில் ஓடவிடுவார்கள். பூனை வைத்திருப்பவர்கள் அந்த அரைமணி மட்டும் கதவைச் சாத்தி வையுங்கள்.