பட்டியலில் பெயர் இல்லாதவர்கள்

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்காக உழவர்கரையில் நடந்த பயிலரங்கில் ஆற்றிய உரை)



ஒருவர் வைத்திருந்த பொருள்களைக் கொண்டு அவருடைய வாழ்க்கையை மாணவர்களே கண்டுபிடிக்க முடியுமா? எட்டாம் வகுப்பில் செய்து பார்த்த ஒரு பாடத்தைப் பகிர்ந்துகொள்கிறேன்.

கரும்பலகையில் ஆறு பொருள்களை எழுதினேன். போலோ மட்டை, மௌசர் கைத்துப்பாக்கி, கிப்பன் எழுதிய ரோமப் பேரரசின் வரலாறு, வண்ணத்துப்பூச்சிச் சேகரிப்பு, போர்ப் பதக்கங்கள், கட்டாமல் விட்ட 13 ரூபாய் பாக்கி. "இவர் யாராக இருப்பார்?" என்று கேட்டேன். பணக்காரர், பட்டாளத்துக்காரர், படிப்பாளி, கடன்காரர் என்று பதில்கள் வந்தன. நான்குமே பொருந்தும்.

அவர் வின்ஸ்டன் சர்ச்சில். விக்டோரியா மகாராணி காலத்தில், 1895இல், நான்காம் ஹுஸார் குதிரைப்படைப் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தவர். 1896 அக்டோபரில் அந்தப் பிரிவு இந்தியா வந்து பெங்களூரில் தங்கியது. பம்பாயில் படகிலிருந்து கரையேறும்போது படித்துறையின் இரும்பு வளையத்தைப் பிடித்தார். அலை தணிந்து படகு கீழே இறங்க, வலது தோள்மூட்டு நழுவியது. அந்தக் குறை கடைசிவரை அவரை விடவில்லை. 1898 செப்டம்பர் 2 அன்று சூடானின் ஓம்டுர்மன் போரில் 21ஆம் ஈட்டிப்படையோடு பாய்ந்தபோது, அவர் கையில் வாள் இல்லை. மௌசர் துப்பாக்கிதான் இருந்தது. காரணம் அந்தத் தோள். 1899இல் மீரட்டில் நடந்த போலோ போட்டியில் கையைக் கட்டிக்கொண்டு விளையாடினார். அவருடைய அணி வென்றது. துப்பாக்கியைக் காட்டி "ஏன்?" என்று கேட்டால், பாடம் பம்பாய்ப் படித்துறைவரை போய்விடுகிறது.

மற்றவற்றுக்கும் கதை உண்டு. பெங்களூரின் வெயில் நேரத்தில் நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் படித்தார். புத்தகங்களை இங்கிலாந்திலிருந்து தாயார் அனுப்பினார். வண்ணத்துப்பூச்சிகளை எலி தின்றுவிட்டது. 1897இல் மாலகண்ட் எல்லைப் போருக்குச் சென்று, மறு ஆண்டே அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். 1899இல் ராணுவத்தை விட்டார். 13 ரூபாய் பாக்கி எழுதப்பட்ட பேரேடு பெங்களூர் கிளப்பில் இன்றும் இருக்கிறது. பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரானார். 1943 வங்கப் பஞ்சத்தில் பல லட்சம் பேர் மடிந்தபோது அந்தப் பதவியில் இருந்தவரும் இவரே.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது ஒரு மாணவி எழுந்து, "குதிரைக்குப் புல்லு அறுத்தது யாரு டீச்சர்?" என்று கேட்டாள். அன்றைய பாடம் அங்கேதான் தொடங்கியது என்பேன்.

இதற்கு விடை சர்ச்சிலின் தன்வரலாற்றிலேயே ஓரளவு கிடைக்கிறது. ஒவ்வோர் அதிகாரிக்கும் ஒரு பட்லர், உடை எடுத்து வைக்க ஒரு பையன், ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரர். அவரையும் சேர்த்து ஒரே பங்களாவில் தங்கிய மூவருக்கும் பொதுவாகத் தோட்டக்காரர்கள், தண்ணீர் சுமப்பவர்கள், துணி வெளுப்பவர்கள், காவல்காரர். அந்த அதிகாரி கட்டாத 13 ரூபாய்க்குக்கூடப் பேரேட்டில் இடம் கிடைத்தது. அவருடைய பூட்ஸைத் துடைத்தவர் பெயரை நாம் எங்கே தேடுவது?

தோழர்களே, நம் வகுப்பில் அமர்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட உழைப்பாளிகளின் பேரப்பிள்ளைகள். பெரியவர்களின் பொருள்களை அருங்காட்சியகம் காக்கிறது. இவர்கள் வீட்டுப் பொருள்களை யார் காப்பது? புதுச்சேரியில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் குடும்பங்கள் உண்டு. பரண்மேல் தகரப் பெட்டிக்குள் பதக்கமும் பிரெஞ்சு மொழிக் காகிதமும் கிடக்கலாம். கடற்கரைச் சாலைப் போர் நினைவுச்சின்னத்தைப் பார்த்த பிள்ளைக்கு, அந்தப் பெட்டியும் வரலாறுதான் என்று நாம் சொல்ல வேண்டும். ஏ.எஃப்.டி. ஆலையில் உழைத்த தாத்தாவின் அடையாள அட்டை, ஆயாவின் நெல் அளக்கும் படி, கதிர் அரிவாள் எல்லாமே சான்றுகள்தாம்.

இதற்கு நான்கு கேள்விகள் போதும். இது யாருடையது? எந்த வேலைக்குப் பயன்பட்டது? இதில் உள்ள தேய்மானமும் கீறலும் எப்படி வந்தன? இதைப் பற்றி வீட்டில் யாருக்குத் தெரியும்? பொருளைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். தொலைந்தால் மீட்க முடியாது. படம் வரைந்து வந்தால் போதும். பழைய பொருள் எதுவும் இல்லாத வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளைகள் பாட்டியிடம் கேட்ட ஒரு செய்தியை எழுதட்டும். வீட்டு வறுமையோ சாதியோ வகுப்பில் பேச்சாகிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

வரைந்த படத்தின் கீழே, அதைப் பயன்படுத்தியவரின் பெயரை மாணவர் தம் கையால் முழுமையாக எழுத வேண்டும். மதிப்பெண் எதுவும் வேண்டாம். அந்தப் பெயர் ஓர் ஏட்டில் ஏறினால் போதும்.