அயலாரும் ஆட்கொணர்வு மனுவும்

பொம்மனஹள்ளியில் தொழில் தொடங்கிய இளம் வழக்கறிஞர் ஒருவரிடம், அயல்நாட்டவரான தம் கணவரைக் காவலில் வைத்துவிட்டனர் என்று ஒரு பெண்மணி முறையிடுவதாகக் கொள்வோம்.

அவ்வழக்கறிஞர் முதலில் கற்றிருக்க வேண்டியது ஒரு சொல்லின் வேறுபாடு. அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு ‘குடிமக்கள்’ என்கிறது. 21ஆம் பிரிவோ ‘எவரும்’ என்கிறது. ஆகவே, இந்நாட்டில் குடியிருக்கும் அடிப்படை உரிமை அயலாருக்கில்லை. சட்டநெறியின்றிச் சிறைப்படாதிருக்கும் உரிமை உண்டு. உச்ச நீதிமன்றம் 1991இல் இதனையே உரைத்தது.

226ஆம் பிரிவின்படி, மனைவியே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுக்கலாம். காவலில் வைத்தவர் யார்? எச்சட்டப்படி? எதுவரை? 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டம் நீங்கி 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின்னும் கேட்க வேண்டிய வினாக்கள் இவையே. இவற்றைக் கேட்கப் பயிலாதவரிடம் வழக்குச் சென்றால், சிறைப்பட்டவரின் நாட்கள் வீணே கழியும்.