ஆக்கியோன் பெயரும் வழியும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"சமூக ஊடகத்தையும் இயந்திர ஓவியத்தையும் சட்டத்தாற் கட்டுப்படுத்தல் தகுமா?" என்பதே எனக்குத் தரப்பட்ட பொருள். அதனை ஆராயுமுன் என் குற்றமொன்றை இவ்வவையில் ஒப்புக்கொள்ளுதல் முறையாகும்.

சென்ற ஆண்டு நமது விழா அழைப்பிதழுக்குச் செயற்கை நுண்ணறிவினாற் படம் ஆக்கிக் கொடுத்தவன் நானே. அதற்கு ஒரு நிமிடமும் செல்லவில்லை. பலரும் பாராட்டினர். ஆண்டுதோறும் நமக்குப் படம் வரைந்து தந்த முதியவர் மட்டும் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, இது ஆர் கீறினது?" என்று கேட்டார். விடை கூற எனக்கு நா எழவில்லை.

அவர் கேட்டதையே இன்று உலகமும் கேட்கின்றது. 2022இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில், ஜேசன் அலன் என்பவர் மிட்ஜேர்னி என்னுங் கருவியால் ஆக்கிய படம் டிஜிட்டல் ஓவியப் பிரிவில் முதற் பரிசு பெற்றது. தாம் 624 தடவையேனும் கருவிக்குக் கட்டளையிட்டதாக அவர் வாதிட்டார். பதிப்புரிமை அலுவலகமோ, மனிதர் ஆக்காத பகுதிக்கு உரிமையில்லையென 2023இல் மறுத்துவிட்டது. தம் படங்களை அனுமதியின்றி எடுத்து இத்தகைய கருவிகளைப் பயிற்றினரென ஓவியர் சிலர் அதே ஆண்டில் வழக்குந் தொடுத்தனர்.

நூலொன்றின் சிறப்புப்பாயிரம் கூறவேண்டியவற்றுள் முதலில் ஆக்கியோன் பெயரையும், அடுத்து அந்நூல் வந்த வழியையும் வைத்தார் நன்னூலார். இயந்திர ஓவியத்துக்கு நாம் வேண்டுவனவும் இவ்விரண்டே. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டம் இந்நெறியிற் செல்கின்றது. மெய்போலத் தோன்றும் போலிப் படத்தை வெளியிடுவோர் அது செயற்கையென அறிவித்தல் வேண்டும்; கலைப்படைப்பாயின் சுவை கெடாதவாறு அறிவித்தல் போதும். பொதுப்பயன் கருவிகளை ஆக்குவோர், எவற்றைக் கொண்டு பயிற்றினர் என்பதன் சுருக்கத்தையும் வெளியிடல் வேண்டும்.

இனிச் சமூக ஊடகம். கட்டுப்பாடே வேண்டாமென்பார், 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கெதிராக நிகழ்ந்த வன்செயலை நினைத்தல் வேண்டும். பகைமூட்டுஞ் செய்திகள் முகநூலிற் பரவின. அந்நிறுவனம் 2020இல் அதற்காக மன்னிப்புக் கோரியது. அன்று அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாள் தடுத்தது. ஆயின் 2022 ஏப்ரலில், பட்டினியும் இருளும் தாளாது மக்கள் வீதிக்கு வந்தபோதும் அதே தடையே வந்தது. பகையை அடைத்த கதவு நியாயக் குரலையும் அடைத்தது. 2024இல் நமது பாராளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, எது பொய்யெனத் தீர்மானிக்கும் அதிகாரத்தைச் சனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழுவிடம் கொடுத்தது. அதனாலன்றோ உரிமை பேணுவோர் பலர் அஞ்சினர்!

ஆகவே என் துணிபு இது: படத்தை ஆக்கியது மனிதனோ இயந்திரமோ, அது எவ்வழி வந்தது எனச் சட்டம் கேட்கட்டும். வன்செயலுக்குத் தூண்டுவோரை நீதிமன்றம் தண்டிக்கட்டும். ஆனால் எவர் பேசலாம் என்பதை ஆட்சியிலுள்ளோர் தீர்மானிக்க விடலாகாது. அச்சத்தாற் பெயர் மறைத்து உண்மை பேசும் எளியவனை வெளியே இழுத்தலும் ஆகாது.

அன்பர்களே, சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. இவ்வாண்டு அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். அம்முதியவரின் வீடு சென்று மன்னிப்புக் கேட்டுப் பெற்ற படம் அது. அடியில் அவர் பெயர் அச்சாகியிருக்கின்றது.