கிழவி விழுந்தது சனியினாலா?

(ஒரு சொற்பொழிவின் சாரம்)



இன்று கண்ணைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "அது வைத்தியர் பேச வேண்டிய விஷயமாயிற்றே, இவர்களுக்கு அதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்டார்களாம். வேலை இருக்கிறது. வீட்டில் ஒரு கிழவர் விழுந்து எலும்பு முறிந்து படுத்துவிட்டால், நம் ஜனங்கள் தேடிப் போவது ஜோசியரையேயன்றிக் கண் வைத்தியரையல்ல.

நாம் நேரில் அறிந்த ஒரு சங்கதி சொல்லுகிறோம். எழுபது வயது கடந்த ஒரு அம்மாள். இரண்டு கண்ணிலும் புரை. குரலைக் கொண்டே ஆளை அறிந்துவந்தார். "ஆப்பரேஷன் செய்துவிடலாமே" என்று நாம் சொன்னபோதெல்லாம், "இனிமேல் கண் எதற்கு? படிக்கவா போகிறாள்?" என்பார் மகன். அந்த அம்மாளும் அதையே திருப்பிச் சொல்லுவார். இதுதான் நமக்கு அதிக வருத்தம். ஒரு நாள் விடியுமுன் புறக்கடைப் படியில் இறங்கினார். தரை என்று எண்ணிக் கால் வைத்த இடம் தரையல்ல. தொடை எலும்பு முறிந்தது. ஏழரைச் சனி என்றார்கள், பரிகாரம் செய்தார்கள். புரை ஆப்பரேஷன் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம் என்பதை அந்த மகன் அறியாதவரல்ல. அம்மாள் பிறகு நடக்கவே இல்லை.

சனி எந்தப் படியில் உட்கார்ந்திருந்தது? படியும் சிமெண்டு, தரையும் சிமெண்டு. இரண்டும் ஒரே நிறம். புரை விழுந்த கண்ணுக்கு விளிம்பு தெரியாது. புரை இல்லாவிட்டாலுங்கூட, அறுபது வயதுக் கண்ணின் உட்திரைக்குச் சேரும் வெளிச்சம் இருபது வயதுக்காரருக்குச் சேருவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வெயிலிலிருந்து இருட்டறைக்குள் வந்தால் பார்வை பழக வெகுநேரமாகும். இதில் கிரகத்திற்கு என்ன சம்பந்தம்?

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் 70 வயது கடந்த 306 ஸ்திரீகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஒரு கண்ணின் புரையைச் சீக்கிரமே எடுத்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் முறை வரும்வரை காத்திருந்தார்கள். 2005-ல் வெளியான முடிவுப்படி, சீக்கிரம் எடுத்துக்கொண்டவர்கள் விழுந்தது 34 சதவிகிதம் குறைவு. எலும்பு முறிந்தவர்கள் இந்தப் பிரிவில் 4 பேர்; காத்திருந்த பிரிவில் 12 பேர். அந்த 12 பேருக்கும் ஒரே வருஷத்தில் சனி பிடித்ததென்று எந்தப் பஞ்சாங்கக்காரராவது சொல்லட்டும்!

உலகத்தில் வருஷத்திற்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்தே சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பு. இவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற ஏழை நாட்டவர்கள்.

திருத்தவே முடியாத கண்ணானால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அப்போது வீட்டைத் திருத்துங்கள். நியூசிலாந்தில் பார்வை மிகவும் குன்றிய, 75 வயது கடந்தவர்களின் வீடுகளுக்கே ஆள் போய், இடறும் பொருள்களை நீக்கி, விளக்கையும் படியையும் ஒழுங்கு செய்து கொடுத்ததில் விழுவது 41 சதவிகிதம் குறைந்தது. நமக்கும் இது பெரிய செலவல்ல. படி விளிம்பில் ஒரு சுண்ணாம்புக் கோடு, கட்டிலிலிருந்து கக்கூஸ் வரையில் இரவு முழுதும் ஒரு சிறு விளக்கு, கிணற்றடிப் பாசியைத் தேய்க்க ஒரு துடைப்பம். வாசற்படிக்குக் கோலம் போட நேரமிருக்கிறவர்களுக்கு இதற்கும் நேரமிருக்கும்.

இன்னொன்று. மேலே தூரத்திற்கும் கீழே படிப்பதற்குமாக ஒரே கண்ணாடி போட்டிருப்பவர்கள் படியிறங்கும்போது கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கிறார்கள். படி மங்கலாகவே தெரியும். வெளியே அதிகம் நடமாடுகிறவர்கள் தூரப் பார்வைக்கென்று தனிக் கண்ணாடி வைத்துக்கொள்ளலாமா என்று வைத்தியரைக் கேட்க வேண்டும். புதுக் கண்ணாடி போட்ட முதல் வாரங்களிலும் நடையில் ஜாக்கிரதை தேவை.

நாளைக் காலையில் உங்கள் தாயாரைத் திண்ணையில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லிப் பத்தடி தூரத்தில் நின்று விரல்களைக் காட்டுங்கள். பிறகு மற்றக் கண். எண்ணிவிட்டாலும் ஒரு தடவை வைத்தியரிடம் காட்டுங்கள். தடுமாறினால் அந்த வாரமே கூட்டிப் போங்கள். "எனக்கு எதற்கடா" என்பார்கள். கேட்காதீர்கள்.